முதல் திரையை எழுதியவர் யார்? – ஆளில்லா இன்ஸ்டலேஷன் வளர்ந்த கதை

வரலாறு என்றாலே அரசர், போர், கல்வெட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். நாம் தினமும் உட்காரும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. பெட்டியைப் பிரித்து முதன்முதலாக ஆன் செய்கிறோம். திரையில் ஒரு படம், ஒரு நிறம், ஒரு மொழி. இவற்றை நமக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதே இக்கட்டுரை.

கேள்விக்கு முன்பே பதில்

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. பிளாப்பியில் வாங்கினால் 13 டிஸ்க். ஒவ்வொன்றாகப் போட்டு, பெயர் என்ன, நேர மண்டலம் எது என்று கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தட்ட வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லை. முப்பது கம்ப்யூட்டர் உள்ள லேபில் ஒருவர் முப்பது முறை அதே பதிலைத் தட்டுவது நடக்கிற காரியமா?

அதற்காகவே அப்போது 'எம்எஸ்பேட்ச்' என்றொரு பைல் இருந்தது. கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே அதில் எழுதி வைத்துவிட்டால் செட்அப் தானே படித்துக்கொள்ளும். 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-ல் இதற்கு 'அன்அட்டெண்ட்' பைல் என்று பெயர். ஆள் பக்கத்தில் இல்லாமலே வேலை முடியும் என்பதால் அந்தப் பெயர். 'விடைத்தாள்' என்றும் சொல்லலாம்; ஆனால் இந்தப் பரீட்சையில் விடையைக் கேள்விக்கு முன்பே எழுதியாக வேண்டும்!

இட்லித் தட்டு

பெயர், நேரம் எல்லாம் சரி. திரைப்படம், நிறம், ஐகான் இவற்றை எப்படி முன்கூட்டி வைப்பது? இங்கேதான் ஒரு சிக்கல். இந்த அமைப்புகளெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொந்தமில்லை, அதைப் பயன்படுத்தும் ஆளுக்குச் சொந்தம். இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் ஆளே பிறந்திருக்க மாட்டார்.

இதற்கு வழி 'டீபால்ட் யூசர்' என்ற பெயரில்லாத ஆள். புதிதாக யார் லாகின் செய்தாலும் விண்டோஸ் அந்த ஆளின் நகலை எடுத்துத்தான் அவருக்குக் கணக்குத் திறக்கிறது. இட்லித் தட்டு மாதிரி: குழி எந்த வடிவமோ, இட்லியும் அந்த வடிவம். ஆகவே குழியைத் திருத்தினால் போதும். எக்ஸ்.பி. காலத்தில் (2001-க்குப் பின்) செட்அப் முடியும் தறுவாயில் ஒரு கட்டளைப் பட்டியலை ஓடவிட்டு, ரிஜிஸ்ட்ரியில் தேவையானதை எழுதிவிடுவார்கள். யாரும் லாகின் செய்யாத அந்த நேரத்தில் எழுதுவது நேராக அந்தக் குழிக்குள் போய் உட்காரும்.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது ஒழுங்குக்கு வந்தது. விடைத்தாள் எக்ஸ்.எம்.எல். வடிவம் பெற்று, ஏழு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. விண்டோஸ் 7-ல் (2009) திரைப்படம், ஜன்னலின் நிறம், தீமின் பெயர் எல்லாவற்றுக்கும் அதிலேயே இடம் கிடைத்தது. 'காப்பி புரொபைல்' என்ற ஒரு வரியை இயக்கினால், நாம் அழகுபடுத்தி வைத்த மாதிரிக் கணக்கு அப்படியே டீபால்ட் யூசராகிவிடும்.

நம் மாவட்டத்தில் தொடங்கியது

மணவூரில் ரயிலேறினால் சில ஸ்டேஷன் தள்ளித் திருவள்ளூர். அதை ஒட்டிய காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 9.12 லட்சம், ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் என்பது இலக்கு. கொள்முதல் எல்காட் மூலம். விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. மூடியில் முதலமைச்சரின் படம் அச்சாகியிருந்தது.

லட்சக்கணக்கில் போகும்போது ஒவ்வொரு மெஷினிலும் ஆள் உட்கார்ந்து செட்டிங் செய்ய முடியாது. ஒரு மாதிரியைத் தயாரித்து நகலெடுப்பதுதான் வழி. அந்த ஒரு மாதிரியில் வைப்பது அத்தனை வீட்டுக்கும் போகும். வைக்காமல் விட்டது எந்த வீட்டுக்கும் போகாது.

உத்தரப் பிரதேசத்தில் 2013 மார்ச்சில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அகிலேஷ் யாதவ், முலாயம் சிங் யாதவ் படங்களே திரைப்படமாக வந்தன. அதை நீக்கப் போனால் மெஷினே படுத்துவிடுகிறது என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. வால்பேப்பர் சின்ன விஷயம் என்று இதற்குப் பிறகும் சொல்ல முடியுமா?

15 என்ற எண்

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது படம் அல்ல, மொழி. விண்டோஸ் 2000-லேயே 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்.பி.யில் தமிழ் தெரிய வேண்டுமானால் கண்ட்ரோல் பேனலில் தேடிப்பிடித்து ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், சி.டி.யும் கையில் இருக்க வேண்டும். தெரியாதவர்களுக்குத் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

விடைத்தாளில் இதற்கு ஒரே வரிதான்: மொழிக் குழு 15. இந்திய மொழிகளுக்கான எண் அது. 1960-ல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் பூமி இது. அந்த 15-க்குள் இரண்டு மொழியும் ஒன்றாகவே இருந்தன! அந்த ஒரு வரியை எழுதிய லேபில் மாணவர்கள் யாரையும் கேட்காமல் தமிழைப் படித்தார்கள். எழுதாத லேபில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது என்றே நம்பினார்கள்.

விஸ்டாவிலிருந்து எழுத்து தானே தெரிகிறது. கீபோர்டு மட்டும் இன்றும் நாம் சேர்த்தால்தான் வரும். சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி 1999-ல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. விடைத்தாளில் அதன் எண் 0449:00020449.

இனி நம் வேலை

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல லேப்களில் புதிய சிஸ்டம் ஏற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. அதிலும் இதே மாதிரி விடைத்தாள் முறை உண்டு.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: இதற்கு ஒரு நோட்பேடு போதும், பெரிய படிப்பு தேவையில்லை. உங்கள் லேபுக்கு ஒரு விடைத்தாள் எழுதுங்கள். தமிழ்99 கீபோர்டைச் சேருங்கள், தெலுங்கையும் சேருங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். நல்ல திரைப்படம் வையுங்கள். ஆனால் வருகிறவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளும்படி பூட்டாமல் விடுங்கள். சங்கத்தின் மூத்தவர்கள் ஆளுக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், அடுத்த சந்திப்புக்குள் பத்துப் பள்ளிகளிலாவது முதல் திரையைத் தமிழறிந்தவர் எழுதியிருப்பார்.