கோடிங் தெரியும்... சொல்லத் தெரியுமா? இன்ஜினீயர்களுக்கான சாஃப்ட் ஸ்கில் கைடு!

ஆபீஸ் மெயிலைத் திறந்ததும் 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' என்ற வரி கண்ணில் படுகிறதா? என்ன வேணும், யார் செய்யணும், எப்போதைக்குள் வேணும்னு எதுவுமே அதில் இருக்காது. ஆனாலும் அதை அப்படியே அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு நாமும் டீ குடிக்கப் போய்விடுகிறோம். இரண்டு நாள் கழித்து, 'அந்த மெயில் என்னாச்சு?' என்று கிளையன்ட் கேட்கும்போதுதான் யாருமே எதுவும் செய்யலைன்னு தெரியும்.

சாஃப்ட் ஸ்கில்னா காலேஜில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது வேற. டை கட்டுவது, கை குலுக்குவது, 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பது. கேம்பஸ் இன்டர்வியூவைத் தாண்ட அது உதவலாம். சேர்ந்த பிறகு, தினமும் காலை 10 மணி மீட்டிங்கில் தேவைப்படும் சமாச்சாரம் அது இல்லை.

இந்த வார்த்தையே எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க ராணுவத்திலிருந்து. பயிற்சி முறைகளைத் திட்டமிட்டவர்கள், இயந்திரங்களைக் கையாளும் திறமைகளை ஒரு பக்கமும், மனிதர்களையும் காகிதங்களையும் கையாளும் திறமைகளை இன்னொரு பக்கமும் பிரித்தார்கள். இரண்டாவதுதான் 'சாஃப்ட்'. இதற்காகவே 1972-ல் தனியாக ஒரு மாநாடும் நடத்தினார்கள். ஆக, சாஃப்ட் என்றால் ஈஸி என்று அர்த்தம் இல்லை. எதிரில் இருப்பது மெஷின் இல்லை, அவ்வளவுதான்.

'வெற்றிக்கு 85% சாஃப்ட் ஸ்கில், 15% மட்டும்தான் டெக்னிக்கல்' என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டும் உங்களுக்கு வந்திருக்கும். அதன் வேரைத் தேடிப் போனால் 1918-ல் போய் நிற்கும். இன்ஜினீயரிங் கல்வி பற்றி சார்லஸ் மேன் என்பவர் கார்னகி ஃபவுண்டேஷனுக்காக எழுதிய அறிக்கை அது. ஓர் இன்ஜினீயருக்கு எதெல்லாம் முக்கியம் என்று இன்ஜினீயர்களிடமே கேட்டார்கள். நேர்மை, பொது அறிவு, மனிதர்களைப் புரிந்துகொள்வது போன்ற குணங்களுக்கு அதிகம் பேர் ஓட்டு போட்டார்கள். யாருடைய சம்பளத்தையும் புரமோஷனையும் அளந்து பார்த்த கணக்கு இல்லை. அதனால் அந்த 85-ஐ நம்பி டேட்டா ஸ்ட்ரக்சர் புத்தகத்தை மூடி வெச்சிடாதீங்க. வேலை தெரியாதவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

அப்படியானால் பேச்சும் எழுத்தும் எதற்கு? இதற்கு நான் பார்த்தவரையில் சரியான பதில் ஒரு விண்வெளி விபத்தில்தான் இருக்கு.

கடைசி வரியில் ஒளிந்திருந்த ஆபத்து

கல்பனா சாவ்லாவை எல்லோருக்கும் தெரியும். ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். அவர் உட்பட ஏழு பேருடன் 2003 ஜனவரி 16-ம் தேதி கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. கிளம்பிய 82-வது விநாடி வாக்கில், எரிபொருள் டேங்கிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. மறுநாள் வீடியோவைப் பார்த்த இன்ஜினீயர்களுக்கு அடிவயிறு கலங்கியது. சேதம் எவ்வளவு என்று பார்க்க, சுற்றுப்பாதையில் இருக்கும் விண்கலத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றல்ல, மூன்று முறை கோரிக்கை போனது. படம் எடுக்கப்படவே இல்லை.

இதற்கு நடுவில் மேலதிகாரிகளுக்கு ஒரு பவர்பாயின்ட் போனது. அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளை வைத்துப் பார்த்தால் கவலைப்பட அதிகம் இல்லை என்பது போன்ற தொனியில் இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி. 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் ஐந்து இடங்களில், வெவ்வேறு அர்த்தத்தில். உண்மையான விஷயம் கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடந்தது: சோதனையில் பயன்படுத்திய நுரைத் துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாகக் கணக்கிட்டது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு பெரியது. அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் அந்த வாக்கியத்தை யாரும் எழுதவில்லை.

பிப்ரவரி 1-ம் தேதி, பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். விபத்தை ஆராய்ந்த குழு, அந்த ஸ்லைடையே தன் அறிக்கையில் அச்சிட்டு, இதைப் படிக்கும் ஓர் உயரதிகாரிக்கு இது உயிர் பிரச்னை என்று எப்படித் தெரியும் என்ற ரீதியில் விமர்சித்தது. படம் எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது தனி விவாதம். ஆனால் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஆபத்து போய்ச் சேரவில்லை.

என்னை அதிகம் உலுக்கியது வேறொரு விஷயம். ராட்னி ரோச்சா என்ற நாசா இன்ஜினீயர், படம் எடுக்க மறுப்பது தவறு, கிட்டத்தட்ட பொறுப்பில்லாத செயல் என்று கடுமையாகவே ஒரு மெயில் எழுதினார். எழுதி, பிரின்ட் எடுத்து, சக ஊழியரிடம் காட்டவும் செய்தார். ஆனால் அனுப்பவில்லை. தனக்கு மேலே இருப்பவர்களைத் தாண்டிப் போக அவர் தயங்கினார்.

நம்ம டிராஃப்ட் ஃபோல்டரிலும் அப்படிச் சில மெயில்கள் இருக்கும்தானே?

'சரிங்க சார்' என்ற வியாதி

அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நாம் வளர்ந்த விதத்துக்குக் கேட்கவே வேண்டாம். வீட்டில் 'எதிர்த்துப் பேசாதே', ஸ்கூலில் 'கையைக் கட்டு, வாயைப் பொத்து', காலேஜில் இன்டர்னல் மார்க் பயம். இதையெல்லாம் தாண்டி வந்தவரிடம், ஆபீஸில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டால் 'நோ சார்' என்றுதான் வரும். புரியாமலே தலையாட்டிவிட்டு, சீட்டுக்கு வந்து பக்கத்தில் இருப்பவரிடம் 'மச்சான், அவர் என்னதான்டா சொன்னாரு?' என்போம்.

இதற்கு ஒரு சின்ன வழி இருக்கு. மீட்டிங் முடியும்போது, 'சார், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க' என்று இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்க. டவுட் கேட்டது போலவும் இருக்காது, புரியாமல் கிளம்பியது போலவும் இருக்காது.

சிவில், மெக்கானிக்கல் மக்களுக்கு இது தலைகீழாக நடக்கும். சைட்டில் மேஸ்திரியிடம் டிராயிங்கை விளக்கிவிட்டு, 'புரிஞ்சுதாண்ணே?' என்றால் அவரும் தலையாட்டுவார். அவருக்கு உங்கள் அப்பா வயசு இருக்கும். புரியலைன்னு ஒரு புது பட்டதாரியிடம் எப்படிச் சொல்வார்? அதற்குப் பதிலா, 'பீம் ஓரத்துல ரிங் எவ்வளவு இடைவெளியில கட்டப்போறீங்கண்ணே, நடுவுல எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்க. பதிலிலேயே தெரிந்துவிடும். கூடவே, உங்கள் டிராயிங்கில் இருக்கும் தப்பையும் சில நேரம் அவரே சொல்லிடுவார்!

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது?

டீம் லீட் கேட்கிறார்: 'எப்போ முடியும்?' நாம் சொல்கிறோம்: 'நாளைக்கு முடிச்சிடலாம்.' நாளையும் அதே பதில். வேலை தாமதமாவதை மன்னிப்பார்கள். அது கடைசி நிமிஷத்தில் தெரியவருவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

அந்த ஸ்லைடில் என்ன தப்போ, அதை அப்படியே திருப்பிப் போடுங்க. முக்கியமானது முதல் வரியில். 'வெள்ளிக்கிழமை ரிலீஸ் சந்தேகம். பேமென்ட் பக்கம் வெளியிலிருந்து வர வேண்டிய அனுமதி இன்னும் வரலை. புதன் மதியத்துக்குள் வந்தால் முடியும். இல்லைன்னா பேமென்ட் இல்லாமல் ரிலீஸ் செய்யலாமா என்று நீங்கள் முடிவு சொல்லணும்.' நான்கே விஷயம்: என்ன பிரச்னை, ஏன், எப்போது வரை நேரம், யார் என்ன செய்யணும். முதல் வரியைப் படித்துவிட்டு மீதியைப் படிக்காமல் போனாலும் அவருக்கு ஆபத்து தெரிந்துவிடும். நீங்கள் எச்சரித்ததும் எழுத்தில் இருக்கும்.

உதவி கேட்பதும் இதே மாதிரிதான். 'ப்ரோ, ஒர்க் ஆகலை' என்று மெசேஜ் போட்டால் எந்த சீனியரும் கடுப்பாவார். என்ன செய்ய நினைத்தேன், என்ன எரர் வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றேன் என்று எழுதுங்க. பல நேரம் எழுதி முடிப்பதற்குள்ளேயே விடை கிடைத்துவிடும். புரோகிராமர்கள் மேஜையில் ரப்பர் வாத்து பொம்மை வைத்து, அதனிடம் கோடை வரி வரியாக விளக்குவது இதற்காகத்தான். வாத்து இல்லையா, அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்க. அம்மாவுக்கு ஓரளவு புரிந்தால் மேனேஜருக்கும் புரியும்.

கோடைத் திட்டலாம், ஆளை அல்ல

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கோபமான மெயில்களுக்கும் பேர்போனவர். மோசமான கோடு அனுப்பினால் ஊர் பார்க்க வெளுத்து வாங்குவார். 'ஜீனியஸ் அப்படித்தான் இருப்பாங்க' என்று ரசித்தவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அவரே வெளிப்படையாக மன்னிப்பு கேட்டு, மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லிவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அதே சமயத்தில் லினக்ஸ் கெர்னல் குழுவுக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன. லினக்ஸின் தரம் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அடுத்த கோடு ரிவ்யூவில், 'நீ ஏன் இப்படி எழுதியிருக்கே?' என்பதை 'இந்த லூப், லிஸ்ட் காலியாக இருந்தால் உடையுமே?' என்று மாற்றிப் பாருங்க. தப்பு அதே தப்புதான். எதிரில் இருப்பவர் சண்டைக்கு வராமல் திருத்தப் போய்விடுவார்.

இங்கிலீஷ் பயம்

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினீயரிங் வந்தவர்களுக்கு சாஃப்ட் ஸ்கில் என்றாலே இங்கிலீஷ்தான். இரண்டும் ஒன்று இல்லை. அந்த நாசா ஸ்லைடை எழுதியவர்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு! ஆனாலும் ஆபீஸ் நடப்பது இங்கிலீஷில் என்பதால், அது ஸ்பேனர் மாதிரி ஒரு டூல்; கையில் இருந்தே ஆகணும். அழகான இங்கிலீஷ் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியம் போதும். மாணவராக இருந்தால், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுக்கும் இன்டர்வியூவுக்கும் பயிற்சி இருக்கு. உங்கள் கல்லூரியில் விசாரியுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களை எட்டிப் பார்க்கலாம். 1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு. சென்னை, கோவையிலும் கிளப்கள் இருக்கு. சில ஐ.டி நிறுவனங்களுக்குள்ளேயே நடக்கும். திடீரென ஒரு தலைப்பு கொடுத்து ஒன்றிரண்டு நிமிஷம் பேசச் சொல்வார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு 'ஆ கவுன்ட்டர்' என்று வேலை. நீங்கள் எத்தனை முறை 'ஆ...', 'வந்து...', 'ஆக்சுவலி...', 'பேசிக்கலி...' சொன்னீர்கள் என்று எண்ணி, கடைசியில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். முதல் நாளே மைக் பிடிக்கணும்னு கட்டாயம் இல்லை. விருந்தாளியாகப் போய் பின் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எத்தனை 'ஆக்சுவலி' விழுகிறது என்று நீங்களும் எண்ணிக்கொண்டிருக்கலாம்.