தலைகீழ்க் கேக்

பழத்துண்டுகளையும் கொட்டைப் பருப்புகளையும் வெண்ணெய், பழுப்புச் சர்க்கரையோடு பாத்திரத்தின் அடியில் அடுக்கி, அதன்மேல் மாவுக் கலவையை ஊற்றிச் சுட்டு, வெந்தபின் தட்டில் கவிழ்த்து எடுக்கும் இனிப்புப் பண்டம் தலைகீழ்க் கேக். அடியில் இருந்தது மேலே வரும் என்பதால் இந்தப் பெயர். இதற்கு மேற்பூச்சு, கிரீம் எதுவும் வேண்டாம். பழச்சாறும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்து பாகாகி, கவிழ்த்ததும் கேக்கின் மேல் தானே வழிந்து உறையும். எழுத்துத் தமிழில் கேக்குக்கு அணிச்சல் என்ற சொல்லும் உண்டு. பேச்சில் கேக்தான் நிலைத்துவிட்டது, இக்கட்டுரையும் அதையே கொள்கிறது. ஆப்பிள், பேரி, பீச், வாழை என எந்தப் பழத்திலும் இதைச் செய்யலாம் என்றாலும், அன்னாசியில் செய்வதே மூலவடிவம் போல எங்கும் அறியப்பட்டுள்ளது. இங்கு விளக்கப்படுவதும் அதுவே.

வகைப்பாடு

கவிழ்த்துப் பரிமாறும் உணவுகள் பல நாட்டில் உண்டு. பாலஸ்தீனத்திலும் அதன் அண்டை நாடுகளிலும் சமைக்கப்படும் மக்லூபா என்ற சோற்றுணவின் பெயருக்கே கவிழ்க்கப்பட்டது என்றுதான் பொருள். இனிப்புகளில் தலைகீழ்க் கேக்கோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படுவது பிரான்ஸின் தார்த் தத்தான். லமோத்-பெவ்ரோன் என்ற சிற்றூரில் ஸ்தெஃபனி, கரோலின் என்ற தத்தான் சகோதரிகள் நடத்திய விடுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது பெயர்பெற்றது. அவசரத்தில் மாவை அடியில் போட மறந்து ஆப்பிளை மட்டும் அடுப்பில் ஏற்றிவிட்டார்கள், அதனால் பிறந்த பண்டம் என்று சொல்லப்படுவது வெறும் கதை. அவ்வூர் இருக்கும் சோலோஞ் வட்டாரத்தில் ஆப்பிளைக் கவிழ்த்துச் சுடும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. தார்த் தத்தானில் பழத்தை மூடுவது உருட்டித் தேய்த்த மாவுத் தகடு. கேக்கில் இளகிய மாவுக் கலவை. முன்னதில் பாகு மாவுக்குள் இறங்காது, பின்னதில் இறங்கும். ஆகவே இரண்டும் ஒரே குடும்பம் அல்ல. அமெரிக்கக் கேக்குக்குப் பிரெஞ்சுப் பண்டம் தாயும் அல்ல.

வரலாறு

இந்தக் கேக்கின் தாய் வார்ப்பிரும்பு வாணலி. அமெரிக்கக் குடியேற்ற வீடுகளில் கணப்பு நெருப்பில் சமையல் நடந்த காலத்தில், ஸ்பைடர் என்ற மூன்று கால் இரும்பு வாணலியைத் தணலின் மேல் நிறுத்தி, மூடியின் மேலும் தணல் வைத்து ரொட்டியும் பணியாரமும் சுட்டார்கள். விறகு அடுப்புகள் வந்தபின் வாணலி தன் கால்களை இழந்தது, இடத்தை இழக்கவில்லை. வெப்பம் சீராக நில்லாத அந்த அடுப்புகளில், கனத்த இரும்பின் அடியில் சர்க்கரையும் பழமும் இட்டு மேலே மாவை ஊற்றுவது நம்பத்தக்க வழியாக இருந்தது. கைக்குக் கிடைத்த ஆப்பிளோ உலர்ந்த பிளமோ அடியில் போகும். வாணலிக் கேக் என்பதே இதன் பழைய பெயர்.

மாவு சடுதியில் உப்ப ஒரு பொருள் இல்லாமல் இது நடந்திராது. ஈஸ்ட் புளிக்கப் பல மணி நேரம் பிடிக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர், ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் பேக்கிங் பவுடர் ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856-இல் பாஸ்பேட் அடிப்படையிலான அமிலப்பொடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கலக்கிய உடனே ஊற்றிச் சுடும் கேக் சாதாரண வீட்டுக்கும் வந்தது.

அன்னாசி இதில் நுழைந்தது பிந்தியே. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பழத்தைக் கொலம்பஸ் 1493-இல் குவாடலூப் தீவில் கண்டார். பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல் போர்த்துக்கீசியரின் நாவில் அனனாஸ் ஆகி, அவர்கள் கப்பலில் வந்து தமிழில் அன்னாசி ஆயிற்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் இது செல்வர் வீட்டுப் பழம். குளிர்நாட்டில் கண்ணாடிக் கூடத்துக்குள் கணப்பு மூட்டி வளர்க்கவேண்டிய பழம் சாமானியர் வீட்டுக்கு எப்படிப் போகும்? அதைப் போகவைத்தது தகர டப்பா.

ஹார்வர்டில் படித்துவிட்டு 1899-இல் ஹவாய் வந்த ஜேம்ஸ் டிரம்மண்ட் டோல், 1901-இல் ஹவாய்யன் பைனாப்பிள் கம்பெனியைத் தொடங்கினார். அத்தீவுகளின் அரசு 1893-இல் கவிழ்க்கப்பட்டு, தீவுகள் 1898-இல் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டிருந்தன. இடையில் இருந்த குடியரசின் தலைவர் சான்ஃபோர்ட் டோல் இவருடைய உறவினர். ஓயாஹு தீவின் வாஹியாவா மேட்டுநிலத்தில் விளைந்த பழத்தைத் தோல் சீவி வட்டமாக நறுக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கையால் செய்தால் வேகமும் இல்லை, ஒரே அளவும் வராது. 1911-இல் ஹென்றி ஜினாக்கா என்ற பொறியாளரை டோல் அமர்த்தினார். அவர் படைத்த இயந்திரம் பழத்தை உருளையாக வெட்டி, மேலும் கீழும் அரிந்து, நடுத்தண்டைக் குடைந்து எடுத்தது. நிமிடத்துக்கு 35 பழம் என்று தொடங்கிய வேகம் பின்னாளில் 100 வரை சென்றது. எல்லா உருளையும் டப்பாவுக்குள் கச்சிதமாகப் பொருந்தும் ஒரே விட்டம். இன்று கேக்கின் முகத்தில் நாம் காணும் வட்ட வளையம் ஜினாக்காவின் இயந்திரம் தந்த வடிவம். நடுவில் உள்ள துளை அது குடைந்த தண்டின் இடம். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் செர்ரி வந்து உட்கார்ந்தது. ஒரு சமையல் குறிப்பின் அழகை ஓர் ஆலை இயந்திரம் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

டோல் 1922-இல் லனாய் தீவை ஏறக்குறைய முழுவதுமாக 11 லட்சம் டாலருக்கு வாங்கித் தோட்டமாக்கினார். வயலிலும் ஆலையிலும் உழைத்தவர்களில் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் மிகுதி. விளைச்சல் பெருகப் பெருக, அதைச் செலவழிக்கும் வழியை வீட்டுப் பெண்களுக்குக் கற்பிக்கவேண்டிய தேவை எழுந்தது. 1925-இல் கம்பெனி அன்னாசிச் சமையல் குறிப்புப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஏறக்குறைய 60,000 குறிப்புகள் குவிந்தன. அவற்றில் சுமார் 2,500 குறிப்புகள் தலைகீழ்க் கேக்குக்கானவை. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரத்துப் பெண்மணி ஒருவரின் குறிப்பு தேர்வானது. கம்பெனிதான் இந்தக் கேக்கைக் கண்டுபிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த 2,500 என்ற எண்ணே அதை மறுக்கிறது. அத்தனை பேருக்கு முன்பே தெரிந்திருந்த பண்டம் அது. 1924-இலேயே சியாட்டில் நகரில் நிதி திரட்ட அச்சிட்ட சமையல் நூலில் இது இடம்பெற்றுள்ளது. கம்பெனி செய்தது, வீட்டு வழக்கத்துக்கு நாடு தழுவிய விளம்பரம் கொடுத்தது.

கொட்டைப் பருப்பு

அன்னாசியோடு பொதுவாகச் சேர்வது பெக்கான். மிசிசிப்பி ஆற்றுப்படுகையின் காடுகளில் தானே வளர்ந்த மரம் இது. விதையிலிருந்து வளரும் கன்று தாய்மரத்தைப் போலக் காய்ப்பதில்லை; ஒரே தரம் வேண்டுமானால் ஒட்டுக்கட்டவேண்டும். லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக இருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர் 1840-களின் பின்பாதியில் 16 மரங்களை வெற்றிகரமாக ஒட்டுக்கட்டினார். அவர் மரத்தின் பருப்பு 1876-இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் பரிசு பெற்று செண்டென்னியல் என்று பெயரிடப்பட்டது. பரிசில் அவர் பெயர் இல்லை. பெக்கான் வணிகம் முழுவதும் அந்தக் கைகளின் மேல் நிற்கிறது, ஆகவே அவர் பெயர் இங்கே வரவேண்டியது.

கேக்கில் பருப்பை அலங்காரமாக எண்ணுவது தவறு. பாகும் பழமும் சேர்ந்த இனிப்பில் நாக்கு சீக்கிரம் சலித்துவிடும். பருப்பின் மெல்லிய கசப்பும் எண்ணெய்ப் பசையும் அதைத் தாங்கிப்பிடிக்கின்றன. பெக்கான் கிடைக்காத இடத்தில் வால்நட் சரியாக இருக்கும். முந்திரியும் ஆகும், ஆனால் கசப்பு இல்லாததால் அதைப் பொன்னிறத்துக்குச் சற்று மேலேயே வறுக்கவேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

9 அங்குல வட்டப் பாத்திரத்தில் 7 வளையங்கள் அளவாக அமையும்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. வார்ப்பிரும்பு வாணலி இருந்தால் நல்லது. அடி கழலும் டின் ஆகாது, பாகு ஒழுகி ஓவனில் கருகும். 60 கிராம் வெண்ணெயைப் பாத்திரத்திலேயே உருக்கி 150 கிராம் பழுப்புச் சர்க்கரையைத் தூவவேண்டும். நாட்டுச்சர்க்கரை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டிலும் வெல்லப்பாகின் ஈரமும் மணமும் உண்டு. சர்க்கரை வெண்ணெயில் கரையாது என்பதால் கிளறிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. பழம் விடும் சாற்றில் அது பின்னர் கரைந்துகொள்ளும்.

வளையங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து அடுக்கவேண்டும். இதைத் தவிர்ப்பவர்களுக்கே நடுப்பகுதி களியாகிறது. டப்பாப் பழமே இந்தக் கேக்குக்கு இயல்பான பழம். புதுப்பழத்தில் செய்வதானால் வளையங்களை வெண்ணெயும் சர்க்கரையும் உள்ள பாத்திரத்தில் சில நிமிடம் வதக்கவேண்டும். புதுப்பழத்தில் உள்ள புரோமலின் என்ற நொதி புரதத்தை அரிக்கும். ஜெல்லி உறையாமல் போவது அதனால்தான். கேக் வேகும் சூட்டில் அது செயலிழந்துவிடுவதால் அஞ்சவேண்டியதில்லை. துளைகளில் செர்ரியும், இடைவெளிகளில் லேசாக வறுத்த 50 கிராம் பருப்பும் வைக்கவேண்டும். பருப்பின் வளைந்த முதுகு கீழே இருக்கட்டும். கவிழ்த்தபின் அதுதான் முகம்.

மேல்மாவுக்கு 115 கிராம் வெண்ணெயையும் 150 கிராம் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, 2 முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். 190 கிராம் மைதா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்து, 120 மில்லி பாலோடு மாற்றிமாற்றிக் கலக்கவேண்டும். மைதா சேர்ந்தபின் அதிகம் அடித்தால் கேக் இறுகும். கலவை கெட்டியாகத்தான் இருக்கும். அதைப் பழத்தின் மேல் கரண்டி கரண்டியாக இட்டு, அடுக்கு கலையாமல் பரப்பவேண்டும். 180 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம் பிடிக்கும். ஓவன் இல்லாத வீட்டில் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, சிறுதீயில் சுடலாம்; வேக நேரம் கூடும், மேற்புறம் சிவக்காது, அது கவிழ்ந்து அடியாகிவிடுவதால் குறை தெரியாது. வெந்ததா என்று குச்சி குத்திப் பார்க்கும்போது பழத்தைத் தொடாமல் மாவோடு நிறுத்தவேண்டும். பழத்தின் ஈரம் குச்சியில் ஒட்டி ஏமாற்றும்.

கவிழ்க்கும் நேரமே இந்தக் கேக்கின் நுட்பம். அடுப்பிலிருந்து எடுத்த கணத்தில் பாகு நீர்போல ஓடும், கேக்கும் தன்னைத் தாங்காது. ஆறவிட்டால் பாகு இறுகிப் பழத்தைப் பாத்திரத்தோடு பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் சரியான இடைவெளி. ஓரத்தைக் கத்தியால் சுற்றி விடுவித்து, விளிம்புள்ள தட்டை மேலே பொருத்தி, இரண்டையும் துணியால் சேர்த்துப் பிடித்துத் தயங்காமல் ஒரே வீச்சில் திருப்பவேண்டும். பாத்திரத்தை உடனே தூக்காமல் ஒரு நிமிடம் விட்டால், ஒட்டியிருக்கும் பாகெல்லாம் இறங்கிவிடும். ஒரு வளையம் அடியிலேயே தங்கிவிட்டால் கரண்டியால் எடுத்து அதன் இடத்தில் பதித்துவிடலாம், சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும். சுட்ட அன்றே வெதுவெதுப்பாக உண்பது சிறப்பு. மறுநாள் பருப்பு ஈரம் குடித்து மென்மையாகிவிடும்.

இன்றைய நிலை

லனாயில் அன்னாசி வேளாண்மை 1992-இல் முடிந்தது. டப்பாப் பழம் இப்போது பெரும்பாலும் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருகிறது. ஆயத்தக் கேக் மாவிலும் தலைகீழ்க் கேக்கைச் செய்கிறார்கள்.