வெளிச்சத்தைப் பிடிக்கும் பருப்பு

பிரெஞ்சில் லென்ஸுக்கு 'லாந்தீய்' என்று பெயர். மைசூர்ப் பருப்புக்கும் அதே சொல்தான். உருவ ஒற்றுமை! ஒளி குவியும் இடம் 'ஃபுவாயே'. அதற்கு அடுப்பு என்றும் பொருள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தப் பருப்பும் அடுப்பும் போன மாதம் மறுபடி நினைவுக்கு வந்தன.

பேரன் எதிர்வீட்டு மாடியிலிருந்து டார்ச் ஒளியில் பாட்டு அனுப்ப முயன்றான். இந்தப் பக்கம் 3 மில்லிமீட்டர் போட்டோடையோடு. "பெரிய லென்ஸா வைடா" என்று சொல்லி, என் 50 மில்லிமீட்டர் வாசிப்புக் கண்ணாடியைக் கொடுத்தேன். பரப்பளவில் ஏறக்குறைய 277 மடங்கு, கணக்கு சரிதான். ஆனால் காற்று அடித்தால் பாட்டு நின்றுபோனது.

1880இல் வாஷிங்டனில் கிரகாம் பெல்லும் சம்னர் டெய்ன்டரும் செய்ததும் இதுதான். குரலால் அதிரும் மெல்லிய கண்ணாடியில் சூரிய ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து, 213 மீட்டர் தள்ளி வாங்கினார்கள். அங்கே வளைந்த கண்ணாடி ஒன்று அதைத் திரட்டி, செலினியம் செல்லின்மேல் குவித்தது. அதே ஆண்டு பிரான்ஸ் தந்த வோல்டா பரிசின் 50,000 ஃபிராங்கைப் பெல் ஆய்வுக்கூடத்துக்குச் செலவிட்டார். தொலைபேசியைவிட இந்த ஃபோட்டோஃபோனே பெரிது என்று கருதியவர், பிறந்த மகளுக்கே அந்தப் பெயரை வைக்கப் பார்த்தாராம். மனைவி மேபல் தடுத்துவிட்டார். நல்லவேளை! மேகமும் மூடுபனியும் வந்தால் பேச்சு அறுந்துவிடும் என்பதுதான் அந்தக் கருவியின் குறை.

எங்கள் குறை வேறு. என் லென்ஸின் குவிதூரம் 300 மில்லிமீட்டர். அதனால் டையோடு பார்க்கும் கோணம் அரை டிகிரிக்குச் சற்றே அதிகம். துளி அசைந்தாலும் ஒளிப்புள்ளி வெளியே விழும். அதே அகலத்தில், 100 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள தடித்த லென்ஸ் என்றால் கோணம் மூன்று மடங்காகும். இதைச் சொன்னது நானல்ல, பேரன். "தாத்தா, அகலம் மட்டும் போதாது, அடுப்பு கிட்ட இருக்கணும்" என்றான். பருப்பு, அடுப்புக் கதையை அவனுக்கு நானே சொல்லியிருந்தேன்.

தடித்த லென்ஸை அட்டைக் குழாயில் ஒட்டினோம். அன்று இரவு காற்றும் இருந்தது, பாட்டும் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "எத்தனை மணிக்கு ஐயா முடியும்?" என்று கேட்டார்.