மிர்யானா கரானோவிச்சின் திரைவேடங்கள்: சுமந்தவளிலிருந்து மறைத்தவள் வரை

1957இல் பிறந்த செர்பிய நடிகை மிர்யானா கரானோவிச், நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் மனைவியாகவும் தாயாகவுமே நடித்துவந்திருக்கிறார். அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் வெளியே சொல்லக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது. தொடக்கப் படங்களில் அதைச் சுமப்பது மட்டுமே அவர்கள் விதி. பிற்காலப் படங்களில் அதை மறைப்பதா வெளியிடுவதா என்பது அவர்கள் கையில் வந்து சேர்கிறது. யூகோஸ்லாவியா உடைந்ததும் அதன் பின்னர் நடந்த போர்களும்தான் இந்த மாற்றத்துக்குப் பின்புலம்.

முதல் பெரிய வேடம் 1980இல் கிடைத்தது. திரகோஸ்லாவ் மிஹைலோவிச் எழுதிய நாவலைத் தழுவி ஸ்ர்ஜான் கரானோவிச் இயக்கிய ‘பெத்ரியாவின் மாலை’ படத்தில், சுரங்க ஊர் ஒன்றில் வாழும் எழுத்தறியாத கிராமத்துப் பெண் பெத்ரியாவாக நடித்தார். பெத்ரியா பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுக்கிறாள். ஒரு வாழ்க்கை முறிந்து இன்னொன்றில் போய்ச் சேர்கிறாள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்து அதற்குப் பின்வரை நீளும் இந்தக் கதையில் வரலாறு அவளைக் கடந்துபோகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இருபத்து மூன்று வயதில் நடித்த இந்த வேடம் புலா திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான தங்க அரேனா விருதைப் பெற்றுத்தந்தது.

1985இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற எமிர் குஸ்துரிட்சாவின் ‘அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்’ படத்தில் அரசியல் நேரடியாக வீட்டுக்குள் நுழைகிறது. 1948இல் டிட்டோ ஸ்டாலினிடமிருந்து விலகியபின் யூகோஸ்லாவியாவில் நடந்த களையெடுப்பு படத்தின் களம். ஒரு கேலிச்சித்திரத்தைப் பற்றிக் கணவன் மேஷா உதிர்த்த சொல் அவனைக் கட்டாய உழைப்புக்கு அனுப்பிவிடுகிறது. அவனைப் பிடித்துக்கொடுப்பதில் மனைவி சேனாவின் உடன்பிறந்த அண்ணனுக்கும் பங்குண்டு. குழந்தைகளிடம் சொல்லும் பொய்யே படத்தின் பெயர். அந்தப் பொய்யை அன்றாடம் காப்பாற்ற வேண்டியவள் சேனா. பிற பெண்ணை நாடிய கணவனின் துரோகம், அண்ணனின் துரோகம், அரசின் கை மூன்றும் அவள்மேல் ஒருசேர விழுகின்றன. படத்தின் குறும்பான தொனி கலையாதபடி அந்தப் பாரத்தைக் கரானோவிச் முகத்தில் காட்டுகிறார். அவருடைய இளமைக்கால நடிப்பில் இதுவே ஆகச் சிறந்தது. குஸ்துரிட்சாவுக்கு இரண்டாவது தங்கப்பனை வாங்கித்தந்த ‘அண்டர்கிரவுண்ட்’ (1995) படத்தில் அவர் ஏற்றது சிறு வேடம்தான்: நிலவறைக்குள் பிள்ளை பெற்று இறந்துபோகும் வேரா.

போருக்குப் பிந்தைய திருப்பம் குரோஷியாவில் தொடங்கியது. வின்கோ பிரேஷான் இயக்கிய ‘சாட்சிகள்’ (2003) படத்தில், கணவனைப் போர்முனையில் இழந்த குரோஷியத் தாயாக அவர் நடித்தார். மகனும் அவன் தோழர்களும் செர்பியர் ஒருவரைக் கொன்றுவிடுகின்றனர். துக்கத்தில் இருக்கும் தாயின் அனுதாபம் எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வியைப் படம் எளிதில் தீர்த்துவைப்பதில்லை. போரின் காயம் ஆறாத நேரத்தில் பெல்கிரேடின் நடிகையை இந்த வேடத்துக்கு அழைத்ததும், அவர் வர இசைந்ததும் துணிச்சலான செயல்கள்.

யாஸ்மிலா ஜ்பானிச்சின் ‘கிர்பாவிட்சா’ (2006) அவருடைய திரைவாழ்வின் உச்சம். படத்துக்குப் பெயர் தந்த சராயேவோப் பகுதி, நகரின் முற்றுகைக் காலத்தில் செர்பியப் படைகளின் பிடியில் இருந்தது. கரானோவிச் ஏற்ற எஸ்மா, பன்னிரண்டு வயது மகள் சாராவைத் தனியே வளர்க்கும் போஸ்னியப் பெண். போரில் உயிர்நீத்தவரின் பிள்ளை என்ற சான்றிதழ் இருந்தால் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கட்டணச் சலுகை உண்டு. எஸ்மா அதைக் கொடுக்காமல் தட்டிக்கழிக்கிறாள். பணத்துக்காக இரவு விடுதியில் பரிமாறும் வேலைக்குப் போகிறாள். சாராவின் தந்தை போர்வீரன் அல்லன். போர்க்கால முகாமில் எஸ்மா மீது நடந்த வல்லுறவில் பிறந்தவள் அவள். தொடக்கத்தில் தாயும் மகளும் விளையாட்டாகப் புரண்டு சண்டையிடுகின்றனர். மகள் மேலே ஏறித் தாயின் கைகளை அழுத்திப் பிடித்ததும் எஸ்மாவின் முகம் சட்டென இறுகுகிறது. எதுவும் விளக்கப்படாத அந்த நொடியில் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னர் மகள் துப்பாக்கியை நீட்டி உண்மையைக் கேட்கும்போது, இத்தனை காலம் அடக்கிவைத்தது அடியும் கூச்சலுமாக வெளிவருகிறது. இரக்கம் தேடும் அழுகையாக இல்லாமல் கோபமாக அது வருவதே இந்த நடிப்பின் நேர்மை.

படம் பெர்லினில் தங்கக் கரடி விருது பெற்றது. போஸ்னியாவின் செர்பியர் பகுதியான ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் திரையரங்குகள் அதைத் திரையிடவில்லை. நாட்டின் மற்றொரு பகுதியான போஸ்னியக் கூட்டமைப்பில், வல்லுறவுக்கு ஆளான பெண்களைப் போரால் பாதிக்கப்பட்ட குடிமக்களாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற இயக்கத்துக்குப் படம் வலு சேர்த்தது; 2006இலேயே அந்தச் சட்டத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு லொக்கார்னோவில் தங்கச் சிறுத்தை வென்ற ஆந்த்ரேயா ஸ்டாகாவின் ‘தஸ் ஃப்ராய்லைன்’ படத்தில், சூரிச்சில் உணவகம் நடத்தி, பிறந்த நாட்டு நினைவுகளை அடைத்துவைத்து வாழும் செர்பியப் பெண் ரூஷாவாக நடித்தார்.

2016இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட ‘நல்ல மனைவி’யை அவரே இயக்கினார், அதில் நடிக்கவும் செய்தார்; அது அவருடைய முதல் இயக்கம். மிலேனா என்ற வசதியான இல்லத்தரசி வீட்டைச் சுத்தம் செய்கையில் ஒரு பழைய வீடியோ கேசட்டைக் காண்கிறாள். போர்க்காலத்தில் கணவனும் அவன் கூட்டாளிகளும் செய்த கொலைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. அதே வேளையில் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. 2005 ஜூனில், ஹேக் நகரில் மிலோஷெவிச் மீது நடந்த விசாரணையில் காட்டப்பட்ட, செர்பிய ‘தேள்கள்’ படைப்பிரிவு செய்த கொலைகளின் வீடியோவைச் செர்பியப் பார்வையாளர் எளிதில் நினைவுகூர்வர். சேனாவும் எஸ்மாவும் பிறர் செய்த குற்றத்தின் விளைவைச் சுமந்தனர். மிலேனா உண்ணும் சோறும் வாழும் வீடும் அந்தக் குற்றத்தோடு பின்னியவை. ஆகவே அவள் வாய்மூடி இருந்தால் அதுவே குற்றத்தில் பங்கு. இந்தப் பெண்ணை அரக்கியாகவோ வீராங்கனையாகவோ ஆக்காமல், மெல்ல விழித்துக்கொள்ளும் ஒருத்தியாக நிறுத்தியது கரானோவிச் என்ற இயக்குநரின் தேர்ச்சி.

2024இல் வெளிவந்த ‘மாய்கா மாரா’ அவர் இயக்கி நடித்த அடுத்த படம். மகனைப் பறிகொடுத்த ஒரு வழக்கறிஞரின் துக்கத்தைச் சொல்லும் அந்தப் படத்தில் போர் நேரடியாக இல்லை. இழப்பை வெளிக்காட்ட மறுக்கும் தாய் மட்டும் இருக்கிறாள்.