தாள்களின் சாட்சியம்: மட்சுமோட்டோ செய்ச்சோவின் குற்றப் புனைவு

ஜப்பானியத் துப்பறியும் நாவலின் வரலாற்றை எழுதுவோர் 1957ஆம் ஆண்டில் ஒரு கோடு கிழிப்பது வழக்கம். கோட்டுக்கு அந்தப் பக்கம் எதோகாவா ராம்போவின் விபரீதக் கற்பனைகளும் யோகோமிசோ செய்ஷியின் பூட்டிய அறைக் கொலைகளும். இந்தப் பக்கம் மட்சுமோட்டோ செய்ச்சோவும் அவரைப் பின்பற்றிய ‘சமூகப் பள்ளி’யும். ‘யார், எப்படி’ என்பதிலிருந்து ‘ஏன்’ என்பதற்குக் கதையைத் திருப்பியவர் அவர் என்பது நிலைத்துவிட்ட கணிப்பு. கொலையின் நோக்கத்தை அவரே கட்டுரைகளில் வலியுறுத்தியதால் யாரும் இதை மறுபரிசீலனை செய்ய முனைவதில்லை. கணிப்பு தவறன்று, போதாது. நோக்கத்தை மட்டும் பார்த்தால் அவருடைய கொலையாளிகள் பலரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்: பழைய வாழ்வை மறைக்க, அல்லது கிடைத்த இடத்தைக் காக்கக் கொல்கிறார்கள். செய்ச்சோவைத் தனித்துக் காட்டுவது, மனிதரின் இருப்பையே தாள்தான் தீர்மானிக்கிறது என்ற அவரது பார்வை. ரயில் கால அட்டவணை, ரசீது, பயணிப் படிவம், குடும்பப் பதிவேடு ஆகியவை அவர் கதைகளில் வெறும் தடயங்கள் அல்ல. கதை நடக்கும் களமே அவைதாம்.

இப்பார்வையின் வேரை அவர் செய்த தொழில்களில் தேட வேண்டும். 1909இல் பிறந்து, வட கியூஷூவின் கோகுரா நகரில் வறுமையில் வளர்ந்தவர்; உயர் தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. மின்பொருள் நிறுவனமொன்றில் எடுபிடி வேலை, பிறகு அச்சுக்கூடங்களில் கல்லச்சுக்கு எழுத்தும் படமும் வரையும் வேலை. 1929இல் இடதுசாரி இலக்கிய இதழ்களைப் படித்ததற்காகப் போலீஸ் அவரைப் பிடித்துச் சில நாள் காவலில் வைத்தது. தந்தை பயந்துபோய் மகனின் புத்தகங்களை எரித்தார். 1937 முதல் அசாஹி நாளிதழின் கோகுரா அலுவலகத்துக்கு விளம்பரங்கள் வரைந்து கொடுத்தார். நிரந்தரப் பணி 1943இல்தான் கிடைத்தது. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் சம்பளம் பற்றாமல் துடைப்ப வியாபாரமும் செய்தார். எழுத்துகள் தாளில் எப்படி உருவாகின்றன என்பது அவர் கைக்குத் தெரியும். உரிய சான்றிதழ் இல்லாதவனை அலுவலகம் எங்கே உட்கார வைக்கும் என்பதும் தெரியும்.

முதல் கதை ‘சைகோவின் நோட்டு’ (1951). 1877 கலகத்தில் சைகோ தகமோரியின் படை வெளியிட்டு, தோல்வியோடு செல்லாமல் போன பணத்தைச் சுற்றி நடப்பது. எழுதத் தொடங்கும்போதே, மதிப்பிழந்த நோட்டை நம்பும் மனிதனிடம் அவர் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘ஒரு கோகுரா நாட்குறிப்பின் கதை’ இன்னும் கூர்மையானது. நாவலாசிரியர் மோரி ஓகாய் 1899 முதல் 1902 வரை இராணுவ மருத்துவராகக் கோகுராவில் இருந்த காலத்து நாட்குறிப்பு தொலைந்துவிட்டது. உடற்குறையுள்ள இளைஞன் ஒருவன் வீடு வீடாகப் போய், ஓகாயை அறிந்தவர்களைக் கேட்டு, அந்த மூன்றாண்டுகளைத் திரட்டப் பார்க்கிறான். அவன் இறந்த பிறகு மூல நாட்குறிப்பே கிடைத்துவிடுகிறது. நயோகி பரிசுக்குப் போட்டியிட்ட இக்கதையைத் தேர்வுக் குழுவினர் அகுதாகவா பரிசுக்கு மாற்றினர், பரிசும் கிடைத்தது. கொலை இல்லை, போலீஸ் இல்லை. ஆயினும் பின்னாளைய செய்ச்சோவின் துப்பறிவாளர் இங்கேயே பிறந்துவிட்டார்.

‘புள்ளிகளும் கோடுகளும்’ 1957 முதல் 1958 வரை ‘தபி’ என்ற பயண இதழில் தொடராக வந்தது. அன்றைய ரயில் அட்டவணையையே கதைக்கு அடித்தளமாக வைத்தார். தோக்கியோ நிலையத்தின் 13ஆம் நடைமேடையில் நின்றால் 15ஆம் நடைமேடை தெரியாது. இடையே எப்போதும் ஏதாவது ரயில் நிற்கும். மாலை 5.57 முதல் 6.01 வரை, நான்கே நிமிடம், பார்வைக்கு வழி திறக்கும். அந்த நான்கு நிமிடத்தில் உணவகப் பணிப்பெண்கள் இருவர், தங்கள் தோழி ஓர் ஆணோடு ‘அசகாசே’ விரைவு ரயிலில் ஏறுவதைப் பார்க்கிறார்கள். சில நாளில் ஃபுகுவோக்காவின் கஷீ கடற்கரையில் இரு சடலங்கள். காதலர் தற்கொலை என்று கோப்பை மூட எல்லோரும் தயார். வயதான உள்ளூர்த் துப்பறிவாளர் தோரிகாய்க்கு மட்டும் உறுத்தல்: இறந்தவன் பையில் இருந்த ரயில் உணவுப் பெட்டி ரசீதில் ‘ஒருவர்’ என்று இருக்கிறது. சாகப் போகும் காதலி அவனைத் தனியே சாப்பிட விட்டிருப்பாளா? இதைத் தம் மகளிடமே கேட்டுப் பார்க்கிறார்.

எதிர்த்தரப்பும் தாளால்தான் போராடுகிறது. கொலைச் சூத்திரத்தை வகுப்பவள், கொலையாளியான வணிகனின் மனைவி; காசநோயால் காமகுராவில் படுத்திருப்பவள். கால அட்டவணையின் எண்களில் தொலைதூர ஊர்களைக் காண்பதைப் பற்றிச் சிற்றிதழ் ஒன்றில் கட்டுரையே எழுதியவள். அவள் கணவன் ஹொக்கைதோவுக்குக் கப்பலில் போனதற்குச் சான்று, அவன் கையெழுத்திலேயே உள்ள பயணிப் படிவம். முன்கூட்டி நிரப்பிய அப்படிவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அமைச்சக ஊழியர் ஒருவர். உடல் ஓரிடத்தில், தாள் வேறிடத்தில்; அரசு நம்புவது தாளை. விமானம் என்ற ஒன்று உண்டென்பது தோக்கியோ அதிகாரி மிஹாராவுக்கு வெகுநேரம் உறைக்காதது நாவலின் பலவீனந்தான். ஆனால் தாளையே படித்துப் பழகிய மூளைக்கு அட்டவணைக்கு வெளியே வானம் தெரியாமல் போவது இக்கதையின் தர்க்கத்துக்கு அவ்வளவு அந்நியமும் அன்று.

இத்தர்க்கம் முழுமை பெறுவது ‘மணற்கலம்’ நாவலில் (1960–61). புகழேறிவரும் இளம் இசையமைப்பாளன் ஒருவன், சிறுவயதில் தனக்கு அடைக்கலம் தந்த முன்னாள் போலீஸ்காரரைக் கொல்கிறான். தொழுநோயாளித் தந்தையோடு ஊர் ஊராக அலைந்த பிள்ளை அவன் என்பது அவருக்குத் தெரியும். ஒசாகா குண்டுவீச்சில் குடும்பப் பதிவேடுகள் எரிந்துபோனபோது, உரியவர் சொல்வதைக் கொண்டு அவற்றைப் புதிதாக எழுத அரசு அனுமதித்தது. அந்தச் சாம்பலில்தான் அவன் தனக்கொரு பெயரையும் பெற்றோரையும் எழுதிக்கொண்டான். நோக்கத்தை மட்டும் பேசுவோர் இதில் தொழுநோய் மீதான சமூக வெறுப்பைக் காண்கின்றனர். சரியே, நோயாளிகளைத் தனிமைப்படுத்திய சட்டம் ஜப்பானில் 1996 வரை நீடித்தது. ஆனால் வெறுப்பு எல்லோரையும் கொலைகாரராக்குவதில்லை. இவனைக் கொலைகாரனாக்குவது, நகராட்சி அலுவலகத்தில் உள்ள ஒரு பொய்ப் பக்கத்தைக் காக்க வேண்டிய கட்டாயம். நோமுரா யோஷிதாரோவின் 1974 திரைப்படம் தந்தையும் மகனும் நடந்த வழியை இசையோடு நீளக் காட்டி அரங்கை அழவைத்தது. நாவல் அப்படி உருகுவதில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போகிறது. இதில் நான் நாவலின் பக்கம்.

தாள் இல்லாத இடத்தில் செய்ச்சோ தடுமாறினார். ‘ஜப்பானின் கருமூட்டம்’ (1960) தொடரில், தேசிய ரயில்வேயின் தலைவர் ஷிமோயாமா 1949இல் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தது முதலிய, போருக்குப் பிந்தைய அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்புக் கால மர்மங்களை ஆராய்ந்து, பலவற்றின் பின்னாலும் அமெரிக்க உளவுத் துறையின் கையைக் கண்டார். ஆக்கிரமிப்புப் படையின் கோப்புகளோ அவர் கைக்கு எட்டாதவை. நாவலில் சாட்சியமாக இருந்த தாளின் இடத்தை இங்கே ஊகம் பிடித்துக்கொண்டது. முடிவை முன்பே வைத்துக்கொண்டு சான்றுகளை அடுக்குகிறார் என்று நாவலாசிரியர் ஓஓகா ஷோஹெய் சாடினார். அவரும் 1909இல் பிறந்தவர். கியோத்தோ பல்கலைக்கழகப் பட்டதாரி. இலக்கியத் தொகுதி ஒன்றில் செய்ச்சோவைச் சேர்க்கக் கூடாதென்று மிஷிமா யுகியோ மறித்ததில் வர்க்க வாடை அடிக்கிறது. ஓஓகாவின் விமர்சனத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

செய்ச்சோ அதற்குச் சொல்லால் மட்டும் பதிலளிக்கவில்லை. 1964 முதல் 1971 வரை எழுதிய ‘ஷோவா வரலாற்று அகழ்வு’ நூலில், 1936 பிப்ரவரி 26 இராணுவக் கிளர்ச்சிக்கு வந்தபோது சாட்சிகளைத் தேடினார், வெளிவராத பதிவுகளைத் திரட்டினார். பின்னர் அந்த மூலங்களையே, ஆராய்ச்சித் துணைவர் ஒருவரோடு சேர்ந்து, தனித் தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1992இல் அவர் இறந்த பின்னும் அத்தொகுதிகளின் வேலை நின்றுவிடவில்லை.