உண்டவரும் சமைத்தவரும்

மறைந்த அம்மாவை உணவின் வழியே நினைக்க பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் இரண்டு முறைகளைக் காண்கிறோம். ஒன்று, மகாளய அமாவாசையிலோ அவர் இறந்த திதியிலோ இலை போட்டு வைக்கும் படையல். மற்றொன்று, ஏதோ ஒரு சாதாரண நாளில் அவர் வைத்த மாதிரியே வைத்துப் பார்க்கும் குழம்பு. படையல் அம்மாவை உண்பவராக நினைக்கிறது. குழம்பு அவரைச் சமைத்தவராக நினைக்கிறது.

படையலின் விதி எளிது: மறைந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். அப்பாவுக்கு என்றால் சிக்கலே இல்லை. கருவாட்டுக் குழம்பு முதல் சுருட்டு வரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு என்றதும் ஊரிலிருக்கும் அக்காவுக்கும் சித்திக்கும் போன் போகிறது. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகள் எப்படி அறிவார்கள்? ‘அம்மாவுக்குப் பிடித்தது’ என்று இலையில் வைப்பவற்றில் பாதி, அவர் கையால் நமக்குப் பிடித்தவை. வைதீகத் திவசச் சமையலில் இந்தத் தவிப்பு கிடையாது. மிளகாய்க்குப் பதில் மிளகு, பிரண்டைத் துவையல், பாகற்காய், எள்ளுருண்டை என எல்லாம் முன்பே முடிவானவை. தனிப்பட்ட ருசியை அந்த இலை கேட்பதில்லை. ஆகவே தவறிவிடுமோ என்ற அச்சமும் இல்லை.

குழம்பின் சிக்கல் இதற்கு நேர்மாறு. எது வேண்டும் என்று நாவுக்குத் தெரியும். எப்படி வைப்பது என்று கைக்குத் தெரியாது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை அளவுகளோடு எழுதி வைத்தார். அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது பல அடுப்பங்கரைகளில் பெரியவர்களின் இடத்தில் இருக்கிறது. நம் அம்மாக்களில் பெரும்பாலோர் எழுதி வைக்கவில்லை. எல்லாம் கண்ணளவும் கைப்பக்குவமும். ஊரும் மாறிவிட்டது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரையில் ஒரே இரவில் பொங்கிவிடும் இட்லி மாவு இங்கே மார்கழிக் குளிரில் மறுநாளும் மந்தமாகக் கிடக்கும். டேங்கரில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் துவரம்பருப்பை எளிதில் குழைய விடாது. அம்மாவின் பக்குவம் என்று நாம் தேடுவதில் ஒரு பங்கு அந்த ஊரின் வெயிலும் தண்ணீரும் என்பேன்.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒன்றுசேர்கின்றன: உப்புப் பார்ப்பதில். படைப்பதற்கு முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மணத்தையும் கொதியையும் கொண்டே உப்பை ஊகிக்க வேண்டும். அம்மாக்கள் பலர் தினமும் அப்படித்தான் சமைத்தார்கள். அம்மாவை உண்ண அழைக்கும் நாளில்தான் பிள்ளை அவரைப் போலவே சமைக்க வேண்டியிருக்கிறது! சடங்குக்கும் அன்றாடத்துக்கும் இடையே இதைவிட அழகான உறவை நான் கண்டதில்லை.

இன்னோர் உறவு பக்கத்துத் தெருவில் இருக்கிறது. இத்தொழில்நகரம் எழுந்த கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூரு போன்ற ஊர்களைச் சூழ்ந்த பழைய மைசூர்ப் பகுதியில் கன்னடக் குடும்பங்கள் பலவும் அதே மகாளய அமாவாசையில் முன்னோருக்கு இலை போடுகின்றன. ஆட்டுக்கறிக் குழம்போடு கஜ்ஜாயமும் வைப்பார்கள். அரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்ந்த அதைச் சுவைத்தால் நம் அதிரசம். கர்நாடகத்தில் அன்று அரசு விடுமுறை; தமிழ்நாட்டில் இல்லை. ஆக, படையலுக்கு நேரம் கிடைப்பதில் ஊரை விட்டு வந்தவர்களே கொடுத்து வைத்தவர்கள். காகத்துக்கு வைக்கத்தான் பால்கனியின் புறா வலையைத் தாண்டி மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

இரண்டில் எது கடினம் என்றால், படையலே என்பது என் தீர்ப்பு. குழம்பை மறுபடியும் மறுபடியும் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்பதை அவர் போனபின் யாரிடமும் உறுதியாகக் கேட்டறிய முடியாது. அம்மா உயிரோடிருக்கும் வாசகர்கள், குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்கும் அதே போனில், உங்களுக்கு என்னம்மா பிடிக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.