கோடக்கன்பிள்ளை தீர்ப்பும் ‘வந்துபோகும் கூட்டம்’ என்ற கணிப்பும்: பன்விலையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிபோனதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சட்டப் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடைசெய்த, சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு வலுவற்றது, 1953இல் கோடக்கன்பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சில் அதை மெய்ப்பித்துவிட்டது. சோல்பரி பிரபுவே 1963இல், அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் சேர்த்திருக்க வேண்டும் என்று எழுதியது இவ்வாசிப்புக்குத் தெம்பூட்டியது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அத்தீர்ப்பை முழுதாகப் படித்தால், தோற்றது பிரிவு அன்று, சான்று.

வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்றானபின், மனுதாரர் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்டவர். மீளாய்வு அலுவலர் அவர் பக்கம் தீர்த்தார்; 1951இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. மேன்முறையீட்டில் பிரிவிக் கவுன்சில் முதலில் சொன்னது கவனிக்கத்தக்கது. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லாமலே எழுதப்பட்ட சட்டமும், மறைமுகமாக அதே தடைசெய்யப்பட்ட விளைவைத் தருமானால் செல்லாது போகலாம் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். 29(2)க்கு இதைவிட அகலமான பொருளை எந்த வழக்கறிஞரும் கேட்டிருக்க முடியாது.

பிறகுதான் திருப்பம். இந்தியத் தமிழரின் வந்துபோகும் வழக்கம், அவர்கள் குடியுரிமைக்குத் தகுதியானவர்களா என்பதோடு தொடர்புடைய விடயம். அதற்கும் அவர்கள் ஒரு சமூகம் என்பதற்கும் சம்பந்தமில்லை என்றது தீர்ப்பு. ஆதாரம் சோல்பரி ஆணைக்குழு அறிக்கையின் பந்திகள். தோட்டத்துச் சாட்சி எதையும் தீர்ப்பு சுட்டவில்லை. ஆனால் 1928இலேயே டொனமூர் ஆணைக்குழு, இம்மக்களில் 40 முதல் 50 சதவீதத்தினர் நிரந்தரமாகத் தங்கியவர்கள் எனக் கணித்திருந்தது. 1939 ஆகஸ்டில் இந்தியா, தொழிலாளர் இலங்கைக்கு வருவதையே தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது புது ஆட்கள் வரத்து நின்று ஒன்பது வருடங்கள். ஊருக்கு லீவில் போய்த் திரும்புவோர் இருந்தார்கள் என்பது உண்மை. அது குடிபெயர்வு ஆகாது.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவைக் கண்டி மாவட்டத்துப் பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வைத்துப் பார்ப்போம். மடுல்கலை லயத்தில் 1920இல் பிறந்த ஒருவர்; தகப்பன் திருச்சிப் பக்கத்தில் பிறந்து வந்தவர். அப்படியானால் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். பூட்டன் பிறந்த காலம் ஏறக்குறைய 1840. கண்டி மலைகளில் கோப்பிக்காகக் காடு வெட்டத் தொடங்கியிருந்த காலம். தகப்பன் லயத்திலேயே பிறந்திருந்தாலும் அதற்குப் பத்திரம் காட்ட வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் தலைமுறைகளாகப் பேர் இருந்ததால் பயனில்லை. அயல் கிராமத்துச் சிங்களவருக்கும் இதே விதிதான். அவரிடம் யார் பத்திரம் கேட்டார்கள்?

நீதிபதிகளின் இன்னொரு ஊன்றுகோல் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம்: பதிவுசெய்யக் கதவு திறந்திருக்கிறதே என்றார்கள். 1953இல் அந்தக் கதவால் எத்தனை பேர் நுழைவார்கள் என்று எவருக்கும் தெரியாது. பின்னர் தெரிந்தது: விண்ணப்பித்த சுமார் 8.25 இலட்சம் பேரில் ஏறத்தாழ 1.34 இலட்சம் பேர்.

உரிமைப் பட்டயம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்பது, என் எண்ணத்தில், மிகை நம்பிக்கை. நியாயமான வகைப்படுத்தலை இந்தியாவின் 14ஆம் உறுப்புரையும் அனுமதிக்கிறது. ‘வந்துபோகும் கூட்டம்’ என்று நம்பிவிட்ட நீதிமன்றம் அதன்கீழும் இதே முடிவைத்தான் எட்டியிருக்கும். இலங்கை அரசியலமைப்பை வரைவதில் டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராயிருந்த ஐவர் ஜெனிங்ஸ், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரைகளில் இந்திய உரிமைப் பட்டியல் மீது ஐயம் தெரிவித்தவர். அவரது ஐயத்தைக் கேலிசெய்வது எளிது. ஆனால் பன்விலையின் கேள்விக்கு அந்தக் கேலியில் விடையில்லை. மேன்முறையீட்டு மன்றம் சான்று விசாரிக்காது என்ற மறுப்போ, சான்றில்லாமல் ஒரு சமூகத்தின் இயல்பை முடிவுகட்டலாம் என்பதற்கு நியாயமாகாது.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றுகூட இல்லை. 1972 அரசியலமைப்பில் 29(2) இடம்பெறவில்லை. தீர்ப்பின் முதற்பாதி ஒப்புக்கொண்ட மறைமுகப் பாகுபாட்டுக் கொள்கை அதுவரை உயிரோடுதான் இருந்தது. சட்டத்தை மக்களுக்கு விளக்குவோர் அப்பாதியையும் வாசித்துக் காட்ட வேண்டும்.